தீபாவளிக்கு நிலவு வைத்தவன்

என் அம்மாவை ஓர் அரசாங்கக் கந்தோரில், அவரை மிகவும் மதித்த ஒரு மேசைக்கு முன்னால், பொய்க்காரியாக நிற்கவைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால், இடையில் நான் சொல்லப்போகும் சாட்டுகளை நீங்கள் நம்பிவிடக்கூடும். அந்தக் காரியத்துக்கு நான் பாவித்த ஆயுதம் ஒரு பூரண நிலவு. அதை வைக்கக்கூடாத நாளில் வைத்துவிட்டேன்.

நோர்வேயில், பேர்கன் நகரில், எங்களுக்குத் தீபாவளி எப்போதும் சனிக்கிழமையில்தான் வரும். ஊரில் அது அமாவாசையை ஒட்டி வருவது. இங்கே பாடசாலை மண்டபம் கிடைப்பதை ஒட்டி வருகிறது. மண்டபத்தில் சனிக்கிழமைகளில் ஹொண்ட்பால் என்னும் கைப்பந்து விளையாடுவார்கள். அவர்களுக்குப் போட்டியில்லாத சனிக்கிழமையில் நாங்கள் நரகாசுரனைக் கொல்லுவோம். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் துரொண்ட் என்பவர் ஒருமுறை திறப்பைத் தரும்போது, இந்த விழா நிலவைப் பார்த்து வைப்பது என்று எங்கோ படித்தேனே என்று கேட்டார். இல்லை, உங்கள் ஹொண்ட்பால் அட்டவணையைப் பார்த்து வைப்பது என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் அதை முறைப்பாடு என்று எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு எங்கிருந்தோ உண்மையான நாளைக் கண்டுபிடித்து, மண்டபத்தை அன்றைக்கே ஒதுக்கி, மன்னிப்பும் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். அது செவ்வாய்க்கிழமை. எங்களுக்கு வேலை நாள். வேண்டாம், சனிக்கிழமை தாருங்கள் என்று எழுதினோம். பாவம், அந்த மனிதன் எங்கள் மதத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சியை அத்தோடு கைவிட்டிருக்க வேண்டும்.

இப்படி இருபத்தைந்து ஆண்டுகள். போன தடவை மண்டபம் தீபாவளிக்கு இரண்டு வாரம் பிந்தித்தான் கிடைத்தது. பேர்கனில் வானம் தெரிவதே அபூர்வம், வருடம் முழுக்க மழை. அன்றைக்கு மட்டும் மேகம் விலகி, கார்களை நிறுத்தும் இடத்துக்கு மேலே ஒரு முழு நிலவு நின்றது. பட்டு வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு அதைப் படம் எடுத்து, ‘தீபத் திருநாளில் ஒரு பால் நிலா’ என்று முகநூலில் போட்டேன். நூற்றுக்கணக்கானவர்கள் விரும்பினார்கள். தீபாவளியன்று நிலவு எங்கேயிருந்து வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா தப்பியிருப்பார்.

எனக்குக் கொஞ்சம் எழுத வரும். வேலை, பொதிகளை ஊர்வாரியாகப் பிரிக்கும் நிலையத்தில். எழுத்து வேலைக்கு வெளியே. பேர்கன் தமிழர் வீடுகளில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானால் வாழ்த்துமடல், அறுபது வயதானால் மணிவிழா மலர், இறந்துபோனால் நினைவு மலர், கலியாணம் என்றால் மண்டபமே சிரிக்க ஒரு பேச்சு. எல்லாவற்றுக்கும் ஆள் நான்தான். ஆட்கள் கூடக்கூட ஒரு வசதி செய்துகொண்டேன். கணினியில் வாக்கியங்களைத் தயாராக வைத்திருப்பேன், பெயரை மட்டும் மாற்றுவேன். பிறந்தவர்கள் எல்லோரும் நிலவொளியில் பிறந்தார்கள். இறந்தவர்கள் எல்லோரும் புன்னகையோடு இறந்தார்கள், முப்பது ஆண்டுகளாக ஒருவரோடும் முகங்கொடுத்துக் கதைக்காத ஒரு பெரியவர் உட்பட. அவருடைய மனைவி நினைவு மலரை வாசித்துவிட்டு, “இது ஆர்?” என்று கேட்டதாகப் பின்னால் அறிந்தேன். நான் அதையும் ஒரு பகிடியாக்கி அடுத்த கலியாணப் பேச்சில் சேர்த்துக்கொண்டேன்.

இனி அம்மா. பெயர் பாக்கியம். என் தகப்பன், ஐயா, குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வன்னிக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து அவருடன் வந்தவர். இப்போதும் பூநகரிப் பக்கம் ஜெயபுரத்தில்தான் இருக்கிறார். ஐயா இறந்துவிட்டார், அம்மா வயலைக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பிள்ளை என்றைக்கு, எந்தக் கொட்டிலில், யாருடைய கையில் பிறந்தது என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியும். பிள்ளைப்பேற்று வீட்டுக்குத் தண்ணீர் சுடவைக்கவும் துணி பிடிக்கவும் முதலில் ஓடுகிற ஆள் அவர். பார்த்தது எதுவும் அழியாத தலை.

திகதி சொல்ல அம்மாவுக்கு வராது. அவருடைய கலண்டர் வேறு. “எங்கட சிவப்பிப் பசு கண்டு போட்ட மூண்டாம் நாள்” என்பார். “பங்குனித் திங்கள், ரெண்டாவது திங்கள், பொங்கல் இறக்கேக்க ஆள் வந்து கூப்பிட்டது” என்பார். எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருக்கும். அந்தச் சிரிப்பு யுத்தம் முடிந்ததோடு நின்றது. முகாம்களிலிருந்து திரும்பிய சனத்திடம் உயிர் இருந்தது, கடதாசி இருக்கவில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கடலிலோ பங்கர்க் குழியிலோ போயிருந்தது, அல்லது ஓடித்திரிந்த காலத்தில் பதியவே இல்லை. மலையகத்திலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்து எங்கள் பக்கம் குடியேறிய குடும்பங்களுக்குக் கடதாசி எப்போதுமே பிரச்சினை. எங்கள் ஆட்கள் அவர்களுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. பிந்திப் பதிய வேண்டுமென்றால், பிறந்ததை நேரில் அறிந்த ஒருவர் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அறிந்தவர்களில் பலர் உயிரோடு இல்லை. அம்மா இருந்தார்.

அம்மா குடையையும் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து, பரந்தனில் மாறி, கிளிநொச்சிக் கந்தோருக்குப் போவார். அங்கே பதிவுகளைப் பார்க்கும் அம்மணி ஒருவர் மேசை லாச்சிக்குள் பழைய பஞ்சாங்கங்களை அடுக்கி வைத்திருந்தார். அம்மா இரண்டாவது பங்குனித் திங்கள் என்றால், அவர் அந்த வருடத்தைப் புரட்டித் திகதியைப் பிடிப்பார். பழைய வைத்தியசாலைக் குறிப்பு, பாடசாலை இடாப்பு ஏதாவது அகப்பட்டால் ஒத்துப்பார்ப்பார். எப்போதும் ஒத்துவரும். சில வருடங்களில் அந்தக் கந்தோரில், ‘பாக்கியமம்மா சாட்சி’ என்றால் விண்ணப்பக் கோவை நகரும் என்று ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு மேல் யாராவது கொண்டுவந்தால் கோபம் வரும்.

இந்த வயதில் ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன்.

“கடவுள் எனக்கு வடிவைத் தரேல்ல, படிப்பைத் தரேல்ல. மறக்காத தலை ஒண்டைத் தந்திட்டான்” என்றார் அம்மா. “தந்தவன் ஒருநாள் கேப்பான்தானே, அதை வைச்சு என்ன செய்தனி எண்டு. மற்றவை எண்டா மறந்துபோனன் எண்டு சொல்லலாம். நான் அப்பிடியும் சொல்லேலாது.”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “உன்னட்டையும் கேப்பான்” என்றார். கலியாண வீடுகளில் ஆட்களைச் சிரிக்க வைத்தேன் என்று சொல்லலாம் என நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவின் கண்ணில் வெள்ளை படர்ந்தது. கையும் நடுங்கத் தொடங்கியது. அதுவரை தன் சாட்சியத்தைத் தானே கொப்பி ஒற்றையில் எழுதிக் கொண்டுபோவார், தட்டச்சுச் செய்பவர் அதைப் பார்த்து அடிப்பார். இனி எழுத ஏலாது என்ற நிலை வந்தபோதுதான் செல்வமலரின் அலுவல் வந்தது.

செல்வமலர் எங்கள் காணிக்கு இரண்டு காணி தள்ளி இருக்கிறாள். தகப்பன் மாரிமுத்து, தாய் லெட்சுமி, பதுளைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இருவரும் கடைசி யுத்தத்தில் ஒரே நாளில் போய்விட்டார்கள். பதின்மூன்று வயதில் தம்பிமார் இருவரையும் இடுப்பிலும் கையிலுமாகக் கொண்டு வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தவள் அவள். அங்கே ஒரு வைத்தியர் பல்லையும் முகத்தையும் பார்த்து வயது போட்டார். பட்ட பாட்டில் முகத்துக்கு வயது கூடிப்போயிருந்தது. நாலு வயதைக் கூட்டி எழுதி, ‘உத்தேச வயதுச் சான்றிதழ்’ கொடுத்தார்கள். அதை வைத்தே அடையாள அட்டையும் எடுத்தாள். இப்போது ஒரு முன்பள்ளியில் உதவியாளாக நிற்கிறாள். நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள், வயதெல்லை முப்பது. உண்மையில் அவளுக்கு இருபத்தெட்டு. கடதாசியில் முப்பத்திரண்டு.

“வேலைக்கு மட்டுமில்லை அண்ணை” என்று அவள் என்னிடம் வட்ஸ்அப்பில் சொன்னாள். “எல்லாப் போமிலயும் உத்தேசம், உத்தேசம் எண்டு எழுதிக் களைச்சுப்போனன். நான் உத்தேசமாப் பிறக்கேல்லைத்தானே. அம்மா அப்பான்ர பேரோட ஒரு கடதாசி வேணும்.”

எழுதித் தர முன்பள்ளியிலேயே ஆட்கள் இருந்தார்கள். அம்மா விடவில்லை. “என்ர மகன் எழுதுவான். அவனுக்கு எழுத்துக் குடுத்திருக்கு” என்று சொல்லியிருக்கிறார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி எடுத்து, “தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே எழுதி அனுப்பு. உனக்குத் தந்ததுக்கும் ஒரு வேலை வேணும்தானே” என்றார்.

நான் கரட் சீவிக்கொண்டிருந்தேன். தொலைபேசி குசினி யன்னலில் சாய்ந்து நின்றது. அம்மா சொன்னார், செல்வமலர் தீபாவளியண்டு விடியப்புறம் பிறந்தவள், எண்ணெய் வைச்சு முழுக ஆயத்தப்படேக்க மாரிமுத்து ஓடிவந்தவன், மண்ணெண்ணெய் இல்லாத காலம், சைக்கிளைச் சுத்தித்தான் வெளிச்சம் எடுத்தது, மருத்துவிச்சியும் தானும்தான் பக்கத்தில. சைக்கிள் பற்றி இன்னும் ஏதோ சொன்னார். அந்த நேரத்தில் அடுப்பில் பருப்புப் பொங்கியது. ஓம் ஓம் என்றேன்.

பிறகு எழுத உட்கார்ந்தேன். சைக்கிள் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பிறப்பைப் பற்றிய எழுத்தில் கிறீஸ் பூசிய சங்கிலியும் சில்லும் எதற்கு என்று தோன்றியது. அதை எடுத்துவிட்டேன். வெளிச்சம் வேண்டுமே. என்னிடம் தயாராக ஒரு நிலவு இருந்தது. ‘பூரண நிலவு பாலாய்ப் பொழிந்த தீபத் திருநாளின் அதிகாலையில், வன்னி மண்ணின் மடியில் இச்செல்வமலர் மலர்ந்தாள் என்பதற்கு நானே கண்கண்ட சாட்சி’ என்று எழுதினேன். இரண்டு தடவை வாசித்தேன். என் கண் கலங்கியது. என் எழுத்துக்கு நானே அழுவது எனக்குப் புதிதில்லை.

ஐப்பசி மாதம் வன்னியில் மழை. தீபாவளியோ தேய்பிறையின் கடைசி. ஊரில் பிறந்து, விடியமுன் இருட்டில் பல்லுக் கிடுகிடுக்கக் கிணற்றடியில் எண்ணெய் முழுகி வளர்ந்தவன் நான். அது எப்படி என் தலையிலிருந்து போனது என்று கேட்காதீர்கள். இருபத்தைந்து சனிக்கிழமைகள் அதை அழித்துவிட்டிருந்தன என்பதுதான் என்னிடமிருக்கும் ஒரே சாட்டு. பஞ்சாங்கம் என் கைத்தொலைபேசியிலேயே இருந்தது, பார்க்கத் தோன்றவில்லை.

பரந்தனில் ஒரு கடையில் அதை அச்செடுத்தார்கள். சத்தியக் கடதாசியில் ஒப்பமிடும் சமாதான நீதவானுக்கு அவசரம், வாகனம் காத்துக்கொண்டு நின்றது. அம்மாவுக்குக் கண் மங்கல், எழுத்துப் பிடிபடாது. “நான் சொன்னதுதானே கிடக்கு?” என்று செல்வமலரிடம் கேட்டிருக்கிறார். “அதைவிட வடிவா இருக்கம்மா” என்று அவள் சொல்லியிருக்கிறாள். அம்மா கையெழுத்து வைத்தார்.

பிறகு நடந்ததைச் செல்வமலர்தான் தொலைபேசியில் சொன்னாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தன் பிழை போல, தயங்கித் தயங்கிச் சொன்னாள். கந்தோர் அம்மணி கடதாசியை வாசித்து, நிறுத்தி, லாச்சியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்திருக்கிறார். பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் அம்மாவின் மேலுள்ள மரியாதையில் பார்த்திருக்கிறார்.

“தீபாவளியண்டு எங்கயணை பூரண நிலவு?”

நான் நோர்வேயில் இருப்பதை அறிந்த பக்கத்து மேசைக்காரர் ஒருவர், “நோர்வேயில வந்திருக்கும் மிஸ்” என்றாராம். பகிடிக்குச் சொன்னவர், எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. கந்தோர் சிரித்தது.

அம்மா, “நான் நிலவைப் பற்றிச் சொல்லேல்லையே பிள்ளை” என்றிருக்கிறார்.

“கையெழுத்து உங்கடதானே?”

“ஓம்.”

அம்மா, மகன் எழுதினது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அம்மணி குரலைத் தாழ்த்தி, இது இப்படிக் கிடந்தால் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது, அம்மாவின் சாட்சியோடு கிடக்கிற வேறு இரண்டு கோவைகளையும் ஒருக்காப் பார்க்கவேண்டி வரும் என்று சொன்னாராம். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எடுத்தேன். சாப்பிட்டியா என்று கேட்டார், அங்கே மழையா என்று கேட்டார், வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. நான் மன்னிப்புக் கேட்டு ஒரு நீண்ட குரற்பதிவு அனுப்பினேன். அதிலும் இரண்டு உவமை வந்து விழுந்துவிட்டது. பதில் வரவில்லை. மனைவி அதைக் கேட்டுவிட்டு, “இஞ்சருங்கோ, ஒருக்கா நேரில போய் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோவன்” என்றாள். திருமண வாழ்க்கையில் அவள் தந்த ஆலோசனைகளில் நான் உடனே கேட்டது அது ஒன்றைத்தான்.

கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு ரயில், அங்கிருந்து ஓட்டோ. அம்மா கேற்றடியில் நின்றார். “மெலிஞ்சிட்டாய்” என்றார். நான் மெலியவில்லை, அம்மாவின் கண் மங்கல். இடியப்பமும் சொதியும் போட்டுத் தந்துவிட்டு எதிரே கதிரையில் இருந்து, நான் சாப்பிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நிலவு பற்றி ஒரு சொல் இல்லை. கை கழுவிவிட்டு வந்ததும் ஒரு கொப்பியையும் பேனையையும் மேசையில் வைத்தார்.

“எழுது. நான் சொல்லாதது ஒண்டும் வரக்கூடாது.”

எழுதினேன். அம்மா சொல்ல, சொன்னபடி. ஒரு இடத்தில் ‘ஆகையால்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டேன். வாசித்துக் காட்டியபோது, “அதை ஆர் சொன்னது?” என்று கேட்டார். வெட்டினேன். பத்து வரி வந்தது. நான் எழுதிய எதுவும் அவ்வளவு சிறிதாக இருந்ததில்லை, அவ்வளவு நேரம் எடுத்ததுமில்லை.

மறுநாள் அதைப் புதிய சத்தியக் கடதாசியாக்கிக்கொண்டு மூவரும் கந்தோருக்குப் போனோம். நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். முதல் கடதாசியை எழுதியது நான், பிழை என்னுடையது என்று நானும் ஒரு சாட்சியம் எழுதிக் கையெழுத்து வைப்பது. அந்த அம்மணி பொறுமையாகக் கேட்டார். அடையாள அட்டை கேட்டார். நோர்வேக் கடவுச்சீட்டைக் கொடுத்தேன். முகவரி கேட்டார். ஜெயபுரம் என்றேன். கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளை பிறக்கேக்க நீங்கள் ஊரில இருந்தனீங்களோ?”

“இருந்தனான். பத்தொன்பது வயது.”

“கண்டனீங்களோ?”

நான் காணவில்லை. அந்தத் தீபாவளி விடியற்காலையில் நான் போர்த்துக்கொண்டு நித்திரை. அம்மா மாரிமுத்துவோடு ஓடியதுகூடத் தெரியாது. பிறகு கொஞ்ச மாதத்தில் நாட்டை விட்டும் போய்விட்டேன்.

“அப்ப நீங்கள் சாட்சி இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த ஆள்” என்றார் அவர், மிகவும் மரியாதையாக. “கூட்டிக்கொண்டு வாற ஆக்கள் வெளியில வாங்கில இருக்கலாம்.”

வெளியே சுவரோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தேன், அம்மாவின் குடையை மடியில் வைத்துக்கொண்டு. யன்னல் திறந்திருந்தது. கடதாசியை வைத்துவிட்டு, வாயாலேயே சொல்லுங்கோ என்று அந்த அம்மணி சொன்னது கேட்டது. அம்மா கந்தோருக்கென்று தனிக் குரல் எதுவும் வைத்திருக்கவில்லை. என் குசினி யன்னலில் சாய்ந்து நின்ற தொலைபேசியில் கேட்ட அதே குரல்தான்.

“தீபாவளியண்டு விடியப்புறம், கும்மிருட்டு, மழை வேற. லாம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை. மாரிமுத்துவின்ர சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவை ரயரில முட்டவிட்டு, லைற்றைக் கழட்டி வயரோட நான் பிடிச்சிருந்தனான். பெடலைக் கையால சுத்தினது மாரிமுத்து. கொஞ்சம் ஆறுதலாச் சுத்தினா லைற் மங்கிப்போம். மருத்துவிச்சி, சுத்தடா சுத்தடா எண்டு பேசுவா. பொம்பிளை நோவில கத்துறா, அவன் அழுதழுது சுத்துறான். அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கப்படாது எண்டு சுவரைப் பாத்துக்கொண்டு சுத்தினவன்.”

“பிறகு?”

“பிள்ளை கீரிட்ட சத்தம் கேட்டோன சுத்துறதை விட்டிட்டான். எல்லாம் இருட்டாப் போச்சு. ஆணோ பொண்ணோ எண்டு பாக்க ஏலாது. மருத்துவிச்சி பேசின பேச்சு, அப்பாடா. பிறகும் சுத்தித்தான் பாத்தது. பொம்பிளைப் பிள்ளை எண்டு நான் சொன்னன். அதுக்குப் பிறகும் அவன் நிப்பாட்டேல்லை. பிள்ளையைப் பாக்கவேணும் எண்டு அவன் வரவும் ஏலாது, வந்தா வெளிச்சம் போயிடும். சுத்திக்கொண்டே, எப்பிடி இருக்கு, எப்பிடி இருக்கு எண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.”

பிறகு செல்வமலரின் குரல் கேட்டது. “அப்பாவோ சுத்தினவர்?”

“வேற ஆர்?”

“ஒருக்காலும் சொல்லேல்லையே அம்மா.”

“நீ கேக்கேல்லையே பிள்ளை. என்ர மகனிட்டச் சொன்னனான், எழுதச் சொல்லி.”

அந்த வாங்கில் நான் இருந்த இருப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதவும் கூடாது என்று படுகிறது. தாய் தகப்பனின் ஒரு படம்கூட மிஞ்சாத ஒரு பெண்ணுக்கு, தகப்பன் அழுதுகொண்டே சில்லுச் சுத்திய விடியற்காலை ஒன்று அம்மாவின் தலையில் பத்திரமாக இருந்தது. அது என் கையால்தான் அவளிடம் போகவேண்டியிருந்தது. நான் அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதென்று எடுத்துவிட்டு, பேர்கனில் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே நின்ற நிலவை அனுப்பினேன். அதை வாசித்து அவள் வடிவாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கொடுக்கப்பட்டது என்ன, அதைக்கொண்டு நான் இவ்வளவு காலமும் எத்தனை பேருடைய வீட்டிலிருந்து எதையெதை எடுத்து எறிந்திருக்கிறேன் என்று யோசித்தால், அந்த நினைவு மலர்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. “இது ஆர்?” என்று கேட்ட அந்த மனைவியும் வந்து நின்றார். அவருடைய கணவர் உண்மையில் எப்படிப்பட்டவர் என்று நான் ஒருவரிடமும் கேட்கவே இல்லை.

அந்த அம்மணி வெளியே வந்து தண்ணீர் குடித்தார். என்னைப் பார்த்து, “நானும் ஓ.எல். சோதினைக்கு டைனமோ லைற்றிலதான் படிச்சனான்” என்றார். “அண்ணா சுத்தினவர்.” திரும்ப உள்ளே போய்க் கோவையை எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டு கோவைகளையும் அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டதாக அம்மா பிறகு சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவும் செல்வமலரும் முன்சீட்டில், நான் பின்னால். பரந்தன் வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அப்பா என்ன உடுத்திருந்தவர், பிறகு பிள்ளையைத் தூக்கினவரோ, கை கிறீஸோடயோ தூக்கினவர். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சாரம், நீலக் கோடு. தூக்கினவன். கழுவிப்போட்டுத்தான். நான் ஒருமுறை எழுந்து அவளிடம், “என்னை மன்னிக்கவேணும் தங்கச்சி” என்றேன். பஸ் குலுக்கியது. அவள் கம்பியைப் பிடிக்கச் சொன்னாள். பிறகு, “பரவாயில்லை அண்ணை, நீங்கள் தூரத்தில இருக்கிறியள்தானே” என்றாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

நான் பேர்கனுக்குத் திரும்பி இரண்டாவது கிழமை, செல்வமலர் அத்தாட்சிப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். தகப்பன் பெயர், தாயின் பெயர், பிறந்த இடம், திகதி. உத்தேசம் என்ற சொல் எங்கும் இல்லை. விண்ணப்பமும் நேரத்துக்குப் போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை. இங்கே ஒரு மணிவிழா மலருக்குக் கேட்டு வந்தார்கள். பெயர் இருந்தால் போதும், வழக்கம்போலச் செய்துவிடுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து அவரோடு ஒரு மணித்தியாலம் கதைக்கவேண்டும் என்றேன். எதற்கு, ஏதும் பிரச்சினையா என்று பயந்துபோனார்கள்.

போன ஞாயிறு அம்மா முன்போலக் கதைத்தார். ஜெயபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் இருந்து திரும்பவும் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்களாம். எனக்கு மனம் லேசாகியது. எழுதுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், இனி ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுங்கோ, எழுதுகிறேன் என்றேன். இங்கே இருந்துகொண்டே அங்கேயும் இருக்க எனக்கொரு வழி கிடைத்துவிட்டதாக நினைத்து, கொஞ்சம் உருக்கமாகவே சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா சற்று யோசித்தார்.

“வாற சனம் கேற்றடியில நிண்டு, மகன் திரும்பிப் போயிட்டாரோ எண்டு கேட்டிட்டுத்தான் உள்ளுக்க வருதுகள் தம்பி” என்றார். “போயிட்டான், பயப்பிடாம வாங்கோ எண்டு சொல்லித்தான் கூப்பிடுறனான்.”